அக்காவுக்கு எத்தனை கிலோ

என் அக்கா புருஷனுக்கு யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது. கேட்பதற்கு நல்ல குணம் மாதிரித்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய், கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு ஈயம் எடுத்துக்கொடுக்கும் வேலையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் முதலாளி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், இதையெல்லாம் நான் சொல்லவேண்டியே வந்திருக்காது.

நான் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறவள். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், பழைய ஐஸ் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து முதலாளி கடை நடத்துகிறார். முன்னறையில் முகக்கண்ணாடிகளும் காலில் மாட்டும் துடுப்புகளும் தொங்கும். நடு அறையில் ரப்பர் உடைகள் எந்நேரமும் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். கடைசி அறையில் சிமென்ட் மேடைமேல் ஈயக்கட்டிகள், ஒரு கிலோ தனியாக, இரண்டு கிலோ தனியாக. பக்கத்து ஆணிகளில் அவற்றைக் கோத்து இடுப்பில் கட்டும் பெல்ட்டுகள். அந்தக் கடைசி அறைதான் மாமாவின் ராஜ்ஜியம்.

அதற்கு முன்னால் மாமா ஒரு ரெடிமேட் துணிக்கடையில் இருந்தார். கழுத்தில் அளவு நாடா எப்போதும் கிடக்கும், ஒரு நாளும் அதைக் கையில் எடுத்ததில்லை. வாசலில் ஆள் நுழையும்போதே ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார், அளவு சொல்லிவிடுவார். பெண்கள் என்றால் உள்ளதில் ஒன்று குறைத்துச் சொல்வார். ஆண்கள் என்றால் தோளில் ஒன்று கூட்டிச் சொல்வார். போட்டுப்பார்க்கும் அறையிலிருந்து யாராவது மூச்சுமுட்ட வெளியே வந்தால், இந்தக் கம்பெனிக்காரன் இப்போதெல்லாம் துணியில் மிச்சம் பிடிக்கிறான் என்று கம்பெனியைத் திட்டிவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த அளவை நீட்டுவார். வந்தவர்கள் உச்சி குளிர்ந்துபோய் இரண்டு உருப்படி கூடவே வாங்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் முதலாளியும் அப்படிக் கவிழ்ந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் தொப்பை அவருக்கு முன்னால் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மனுஷனைப் பார்த்து, முப்பத்திநாலு சைஸ் பேன்ட் போதும் சார் என்று சொல்லியிருக்கிறார் மாமா. துணிக்கடையை இழுத்து மூடினதும் முதலாளியே தேடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பார்த்தே அளவு சொல்கிற ஆள், நம் தொழிலுக்கென்றே பிறந்தவர் என்று என்னிடம் பெருமை வேறு. நான் என் தலையெழுத்தை நொந்துகொண்டு போய் சிலிண்டர் நிரப்பினேன்.

தெரியாதவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனுஷ உடம்பு உப்புத் தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். மேலே போடும் ரப்பர் உடை அதைவிட மிதக்கும். முங்கவேண்டும் என்றால் இடுப்பில் ஈயம் கட்டியாக வேண்டும். கூடிப்போனால் ஆள் கல் மாதிரி கீழே போய், சேற்றைக் கிளப்பி, தன்னைத் தூக்கி நிறுத்துவதற்கே காற்றையெல்லாம் செலவழித்துவிடுவான். குறைந்துபோனால் இன்னும் மோசம். போகும்போது சிலிண்டர் நிறைய இருக்கும், எப்படியோ இறங்கிவிடலாம். மூச்சுவிட விட சிலிண்டர் இரண்டு கிலோவாவது இளைத்துவிடும். திரும்பி வரும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று வரவேண்டும் என்பது எங்கள் கணக்கு. எடை போதாதவர்கள் அங்கே நிற்கமாட்டார்கள், பலூன் மாதிரி கிளம்பிவிடுவார்கள். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிளம்பினால் நுரையீரல் கிழிந்துவிடும். அவ்வளவு சின்ன ஆழத்திலேயே கிழியும்.

சரியான எடையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் நிமிர்ந்து நில், மிதப்பதற்காகக் காற்றடைத்து மேலே போட்டிருக்கும் வெஸ்டில் இருக்கிற காற்றையெல்லாம் விட்டுவிடு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துப் பிடி. தண்ணீர் உன் கண் மட்டத்துக்கு வரவேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாக முங்கவேண்டும். பிறகு இளைக்கப்போகும் சிலிண்டருக்காக இரண்டு கிலோ சேர்த்துக்கொள். அவ்வளவுதான் சமாசாரம். மாமா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். மனுஷர்களை நனைத்துப் பார்த்துத்தான் அளவு சொல்லவேண்டும் என்றால் நான் எதற்கு என்பார்.

ஆக, துணிக்கடை வழக்கம் அப்படியே ஈயத்துக்கு வந்து சேர்ந்தது. பெண்களுக்குக் குறைத்தார், ஆண்களுக்குக் கூட்டினார். எட்டு வேண்டிய பெண்ணிடம் உங்களுக்கு நாலே ஜாஸ்தி என்பார், அந்தம்மா முகம் மலர்ந்துபோகும். ஒரு தடவை புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. மாப்பிள்ளையின் தோளைத் தட்டிப்பார்த்துப் பதினாலு கிலோ கட்டிவிட்டார், பெண்ணுக்கு மூன்று. மாப்பிள்ளை கடலடியில் நட்டுவைத்த கம்பம் மாதிரி முழங்கால் வரை மணலில் நின்றான். பெண் தண்ணீர்மேல் மூடி மாதிரி மிதந்தாள். நடுவில் நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நீந்தினேன். கரைக்கு வந்ததும் இருவரும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அந்த டீச்சர் சும்மா சும்மா இழுக்கறாங்க என்று முதலாளியிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கரையிலேயே நான் கூடுதலாகக் கட்டப்போனால் சண்டைக்கு வருவார்கள். அவர் நாலு என்றார், நீங்கள் எட்டு என்கிறீர்கள், நான் என்ன அவ்வளவு குண்டா என்பார்கள். அதனால் ஒரு வழி செய்துவைத்திருந்தேன். படகு நின்றதும் ஒரு துணிப்பையில் ஈயக்கட்டிகளைப் போட்டு நங்கூரக் கயிற்றில் ஐந்து மீட்டர் ஆழத்தில் கட்டிவிடுவேன். இறங்கும்போது பெண்களைக் கயிற்றோடு பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன். ஆழத்தில் ரப்பர் நசுங்கிவிடுவதால் அங்கே தொல்லை இல்லை. திரும்பி வந்து நிற்கும்போது பையிலிருந்து கட்டிகளை எடுத்து அவர்கள் வெஸ்ட் பாக்கெட்டில் செருகிவிடுவேன். தண்ணீருக்கடியில் யாரும் வாயைத் திறந்து சண்டை போட முடியாது. இந்தப் பை விஷயம் மாமாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். அக்கா தபால் ஆபீசில் பார்சல் கவுன்டரில் இருக்கிறாள். பத்து கிராம் கூடினால் விடமாட்டாள். கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, மெஷின் காட்டுவதுதான் கணக்கு. அவள் கவுன்டரில் ஆள் வரிசை எப்போதும் குறைவு, பயந்துகொண்டு எல்லோரும் பக்கத்து வரிசைக்குப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் ஆளே வேறு. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கே என்று மாமா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். என்னிடம் யாரும் அப்படிப் பொய் சொன்னதில்லை.

அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயசில் தொட்டியில் தவறி விழுந்தவளை அம்மா தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். அன்றிலிருந்து கடற்கரைக்கு வந்தாலும் கணுக்கால் நனைந்தால் பின்னால் ஓடிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பது வயசு தாண்டினபிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல் எனக்குச் சொல்லிக்கொடு என்றாள். பயத்தோடேயே செத்துப்போகப் பிடிக்கவில்லை என்றாள். டாக்டரிடம் காட்டிச் சரி என்று வாங்கிக்கொண்டு, நீச்சல் குளத்தில் ஆரம்பித்தோம். முதல் நாள் முகத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டு அழுதாள். மாசக்கணக்காக விடாமல் வந்தாள். என்னிடம் படித்த எத்தனையோ பேரில் அவளைப்போல யாரையும் கடலுக்குள் கூட்டிப்போக நான் ஆசைப்பட்டதில்லை. ஆனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை பயந்து மேலே வந்துவிட்டால், அவள் மறுபடியும் இறங்கவே மாட்டாள்.

கடலுக்குப் போகும் நாளில் மாமாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். என் பெண்டாட்டிக்கு நான்தான் எடை சொல்லுவேன் என்று ஒரே பிடி. முதலாளிக்கும் தலைகால் புரியவில்லை, மாமாவோடு அவரும் படகுக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கடைசி அறையில் அக்கா ரப்பர் உடைக்குள் திணறிக்கொண்டு நின்றாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோற்றான்.

“அஞ்சு போதும். அஞ்சே ஜாஸ்திதான்” என்றார்.

ஒன்பது வேண்டும், படகிலிருந்து இறங்கினதும் ஒரு தடவை மிதக்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. பத்து கிராமுக்கு ஊரையே அலறவிடுகிறவள், நாலு கிலோவை என் முகத்துக்கு நேரே முழுங்கினாள்.

“ஏண்டி, அவர் அஞ்சுங்கறார், நீ ஒன்பதுங்கறே. இந்த ரூம்ல வேலை பாக்கறவர் அவரா நீயா?”

வாயைக் கொடுத்து அவள் மனசு கெட்டுப்போனால் இறங்கவே மாட்டாள் என்று பயந்தேன். எப்படியும் கயிற்றில் பை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். படகு நின்றதும் பையில் ஒரு கிலோ கட்டி நாலு எண்ணிப் போட்டு, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துத்தான் கட்டினேன்.

இறங்கினோம். மேலே கொஞ்சம் படாத பாடு படுத்தினாள், கயிற்றைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு போனேன். பையைத் தாண்டினோம், ரப்பர் நசுங்கத் தொடங்கியது, அவள் உடம்பு அமைதியானது. அடியில் வெறும் மணல்தான். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. விரல் நீள மீன்கள் கூட்டமாக வந்து அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றன. என் கையை நெரித்துக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு விரலாக விட்டாள். அப்புறம் தானாகவே ஒரு அடி தள்ளிப்போய் மணலுக்குமேல் படுத்த மாதிரி நின்றாள். கண்ணாடிக்குள் அவள் கண்ணைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீருக்கடியில் அழுவது எவ்வளவு இடைஞ்சல் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கினதும் திரும்பினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஐந்து மீட்டருக்கு வந்தோம். பையைக் காணோம்.

முதலில் நம்பவில்லை. மேலேயும் கீழேயும் தடவிப் பார்த்தேன். வெறும் கயிறு. அதற்குள் அக்கா கிளம்ப ஆரம்பித்துவிட்டாள். அவள் வெஸ்டில் இருந்த காற்றையெல்லாம் விட்டேன், பிரயோஜனமில்லை. ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் அவள் பெல்ட்டையும் பிடித்தேன். அவள் தலைகீழாகப் புரண்டாள், கால் மேலே போயிற்று. துடுப்பு என் முகத்தில் ஒரு அறை விட்டது, கண்ணாடி கழன்று போயிற்று, பெல்ட் வழுக்கியது. அக்கா போய்விட்டாள்.

மூச்சை அடக்காதே, மூச்சை அடக்காதே என்று குளத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பயத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மங்கலாக மேலே பார்த்தேன். குமிழி வந்துகொண்டிருந்தது. விடாமல், கட்டுக்கட்டாக. அக்கா கத்திக்கொண்டே போயிருக்கிறாள். அந்தக் கத்தல்தான் அவள் நுரையீரலைக் காப்பாற்றியது. யாரைத் திட்டினாய் என்று பிறகு கேட்டேன், வேறு யாரை என்றாள்.

நான் மேலே வந்தபோது அவளைப் படகில் படுக்கவைத்திருந்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம், உதடு வெளுத்திருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினேன். படகோட்டி கரைக்குத் திருப்பினார். அப்போதுதான் பார்த்தேன், மாமா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் என் துணிப்பை தண்ணீர் சொட்டிக்கொண்டு கிடந்தது.

பையை மாமாவிடம் காட்டினேன். நீங்கள் கீழே போனதும் முதலாளி கயிற்றை எட்டிப்பார்த்து அது என்ன பை என்று கேட்டார், அதனால் மேலே இழுத்துவிட்டேன் என்றார்.

“என் பெண்டாட்டிக்கே அது வேணும்னு முதலாளிக்குத் தெரிஞ்சா... நல்லா இருக்காதேம்மா.”

அந்தப் பையை அவர் கழுத்தில் கட்டிக் கடலில் தள்ளவேண்டும் போல இருந்தது. அப்படியாவது அவர் எத்தனை கிலோவில் முங்குகிறார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேன்ட்டை மேலே இழுத்துவிட்டார்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக் உண்டு. டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், படம் எடுக்கச் சொன்னார், ஊசி எழுதினார். நர்ஸ் மருந்தளவுக்காக அக்காவின் எடையைக் கேட்டாள். மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அந்த நிலைமையிலும், சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பத்தெட்டு என்றார்.

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பேனாவை மூடாமல் நின்றாள். அக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

“எழுபத்தொன்பது. எழுதிக்குங்க. எங்க பார்சல் மெஷின்ல ஏறிப் பாத்திருக்கேன்.”

எனக்குத் தெரியாதே என்று மாமா முனகினார்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள் அக்கா. “எனக்கும் தெரியும். கேக்க நல்லா இருந்துச்சு, அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.” மாஸ்க்கை மறுபடியும் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்லவேளையாக நெஞ்சில் ஒன்றும் இல்லை. மூக்கில் மட்டும் ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைந்திருந்தது. நான் முதலாளியிடம் போய், இனிமேல் ஆளைத் தண்ணீரில் நிறுத்திப் பார்க்காமல் எடை கட்டினால் நான் வரமாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார். மாமாவை வேலையைவிட்டு எடுக்க மட்டும் மனசு வரவில்லை. முப்பத்திநாலு என்று அவரைப் பார்த்துச் சொல்ல இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா இனி வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்து நின்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராகக் கடைசி அறைக்குப் போனாள். வேறு ஆட்களும் உடை மாட்டிக்கொண்டு நின்றார்கள், அவள் யாரையும் சட்டை செய்யவில்லை.

“இன்னிக்கும் நீங்களே சொல்லுங்க” என்றாள் மாமாவிடம். “எத்தனை கிலோ?”

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாய் திறந்தது, ஐந்தில் ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஒன்பது” என்றார். அறைக்கே கேட்டது.

படித்துறையில் இறக்கி நிறுத்திப் பார்த்தேன். சிலிண்டருக்கான இரண்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தண்ணீர் துல்லியமாக அவள் கண் மட்டத்தில் நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனுக்குக் கண் எப்போதுமே சரியாகத்தான் இருந்திருக்கிறது!

அன்றைக்கு அக்கா கையைப் பிடிக்கவே இல்லை. தானாக இறங்கினாள், மணலுக்குமேல் ஆற அமரச் சுற்றினாள். திரும்பும்போது ஐந்து மீட்டரில் கயிற்றைத் தொடாமல், காலை மடக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். படகில் ஏறினதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். படகோட்டிக்குக்கூட நன்றி சொன்னாள்.

கரையில் கையில் துவாலையோடு நின்ற மாமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள், வாரம் முழுக்க அப்படியே இருந்தாள். எத்தனை என்று எல்லோர் முன்னாலும் கேட்டது அவள்தான். அதை நான் எடுத்துச் சொன்னதற்கு, அதற்காக அப்படியா பளிச்சென்று சொல்வார் என்றாள்.

மாமா ஈய அறைக்கு வெளியே என்னை மடக்கினார். சாப்பிட்டு இரண்டு நாள் ஆன மாதிரி இருந்தார்.

“எட்டுன்னு சொல்லியிருக்கலாமோ?”

எட்டு என்றால் சிலிண்டர் காலியாகிற நேரத்தில் அவள் கால் மறுபடியும் மேலே கிளம்பியிருக்கும். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.